சங்கிலியின் இரைச்சலும் தேய்மானமும்



திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் மலைமேல் ஏற விரும்புவோர் 500க்கும் மேற்பட்ட படிகளைக் கடந்தாக வேண்டும். ஏறுகிறவர் இளைஞரா, முதியவரா என்று பார்த்துப் படி தன் உயரத்தை மாற்றிக்கொள்வதில்லை. நாம்தான் படிக்கு ஏற்றபடி காலைத் தூக்க வேண்டும். படிகளுக்குப் பதிலாக ஒரே சரிவான பாதை இருக்குமானால், அவரவர் தத்தம் மூச்சின் வலிமைக்கேற்ப அடியை நீட்டியோ குறுக்கியோ வைத்து ஏறலாம். மோட்டார் வண்டியில் கியர் என்பது படிக்கட்டைப் போன்றது. சி.வி.டி. என்று மூன்றெழுத்தில் சொல்லப்படும் அமைப்போ சரிவுப் பாதையைப் போன்றது. அதில் முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகள் இல்லை. எஞ்சினின் வேகத்துக்கும் சக்கரத்தின் வேகத்துக்கும் உள்ள விகிதம் இடைவெளியின்றி மாறிக்கொண்டே போகிறது.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய கிழவனுக்கு மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றுமில்லை, பட்ட அடி ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு என் துணைவியாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. எங்கள் கியரில்லா ஸ்கூட்டரில் அவரை அமர்த்திக்கொண்டு செங்கல்பட்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். பாதி வழியில் எஞ்சின் உறுமிற்று. வண்டி மட்டும் நகரவில்லை. உள்ளே பெல்ட் அறுந்துவிட்டது. இருட்டுச் சாலையில் அவர் மூச்சுக்குத் தவித்தபடி நிற்க, நான் வருகிற விளக்குகளையெல்லாம் கைகாட்டி நிறுத்தப் பார்த்தேன். காய்கறி ஏற்றிவந்த சிறு வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். நல்லவேளையாக உயிர் பிழைத்தார். மறுநாள் மெக்கானிக் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது: “சார், பெல்ட்டு ஒரே நாள்ல அறாது. ஒரு மாசமா உங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கும். நீங்கதான் காதுல வாங்கியிருக்க மாட்டீங்க.” உண்மைதான். ஒரு மாதமாக அந்த வண்டி புறப்படும்போதெல்லாம் கீச்சிட்டது. நான் அதைத் தொல்லையென்று கருதினேனே ஒழிய, செய்தியென்று கருதவில்லை.

அன்று முதல் இரைச்சலுக்கும் தேய்மானத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அறிய விழைந்தேன். அறிந்ததை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நாம் எல்லோரும் அறிந்த சைக்கிள் சங்கிலியிலிருந்து தொடங்குவோம். அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றிய நாள்தொட்டுத் தமிழ்நாட்டுக்குப் பழகிய பொருள் அது. சைக்கிள் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இடைவெளி அரை அங்குலம். பல்சக்கரத்தின்மேல் வரும்போது அது வட்டமாக வளைவதில்லை. கண்ணிக்குக் கண்ணி நேர்கோடாக மடிகிறது. ஆகவே, சக்கரத்தைச் சுற்றிய சங்கிலி உண்மையில் வட்டமன்று. பல கோணங்களைக் கொண்ட உருவம். மூலையும் பக்கமும் மாறி மாறி வருவதால் சங்கிலியின் வேகம் சிறிது கூடிச் சிறிது குறைகிறது. 18 பற்கள் உள்ள சக்கரத்தில் இந்த ஏற்றத்தாழ்வு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு; 9 பற்களே இருந்தால் நூற்றுக்கு ஆறு பங்கு. ஒவ்வொரு கண்ணியும் வந்து அமரும்போது ஒரு சிறு மோதல் உண்டாகிறது. அந்த மோதல்களின் தொடரே நம் காதில் இரைச்சலாக விழுகிறது.

தேய்மானம் இதற்கு உடன்பிறந்தது. ஆனால் இதுவே அதுவன்று. சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்கிறோம். இரும்புத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணி மடியும்போதெல்லாம் உள்ளே இருக்கும் முளை தன் உறையோடு உராய்ந்து தேய்கிறது; மணல் கலந்த எண்ணெய் அதை அரத்தைப் போல் அராவுகிறது. ஒவ்வொரு மூட்டிலும் உண்டாகும் மிகச் சிறிய தேய்வு, நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகளில் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக ஓர் அடி இருக்கும். அதே 24 கண்ணிகள் ஓர் அடிக்குமேல் எட்டில் ஓர் அங்குலம் கூடுதலாக அளந்தால், சங்கிலியை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் அது பற்சக்கரத்தையும் தின்றுவிடும். ஓர் அளவுகோல் இருந்தால் எந்த வீட்டிலும் செய்யக்கூடிய சோதனை இது.

இனி, சி.வி.டி.க்கு வருவோம். அதில் பற்கள் இல்லை. இரண்டு தட்டுக் கூம்புகளை முனைக்கு முனை எதிராக வைத்தாற்போன்ற கப்பி ஒன்று எஞ்சின் பக்கத்தில். அதேபோல் மற்றொன்று சக்கரத்தின் பக்கத்தில். இவ்விரண்டையும் ஒரு பட்டையோ சங்கிலியோ இணைக்கிறது. கூம்புகளை நெருக்கினால் சங்கிலி வெளிவிளிம்பை நோக்கி ஏறும். விலக்கினால் உள்ளே இறங்கும். ஒன்று ஏற, மற்றது இறங்க, விகிதம் மாறுகிறது. 1958ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ரப்பர் பட்டையால் இவ்வாறு இயங்கும் சிறு காரை ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் காட்டியது. நம் கியரில்லா ஸ்கூட்டர்களில் இருப்பதும் அதே கருத்துத்தான். ரப்பர் பெரிய எஞ்சினின் விசையைத் தாங்காது. ஆகவே எஃகுப் பட்டை வந்தது. 1987இல் சுபாரு ஜஸ்டி என்னும் சிறு காரில் அது ஓடிற்று. பின்னர், ஆலை இயந்திரங்களில் பழகிய எஃகுச் சங்கிலி, 1999இல் ஆடி நிறுவனத்தின் காரிலும், 2009இல் சுபாரு லெகசி காரிலும் இடம்பெற்றது.

இந்தச் சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் முளைகள் இருபுறமும் சிறிது நீண்டிருக்கும். அந்த முளைகளின் முனைகள் மட்டுமே கூம்பின் சரிவைத் தொடுகின்றன. பற்கள் இல்லாத இடத்தில் உராய்வின் பிடிப்பு ஒன்றே விசையைக் கடத்துகிறது. முளைகள் ஒவ்வொன்றாகக் கூம்பின்மேல் வந்து மோதுகின்றன. எத்தனை முறை என்று கணக்கிடுவோம். கப்பியில் சங்கிலி சுற்றும் வட்டத்தின் ஆரம் 50 மில்லிமீட்டர் என்றும், முளைக்கு முளை 10 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். சுற்றளவு 314 மில்லிமீட்டர். ஆகவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 31 மோதல்கள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. மோதல்களோ நொடிக்கு 1,500க்கும் மேல். மனிதச் செவி கூர்மையாகக் கேட்கும் ஒலிகளின் எல்லைக்குள் இது வந்து விழுகிறது. எனவேதான் அது காதைத் துளைக்கும் ஒரே சுருதிச் சிணுங்கலாக ஒலிக்கிறது.

இதனை எப்படிக் குறைத்தார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு என் வகுப்பறையே நினைவுக்கு வந்தது. நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் வாய்பாடு சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும். அதே நாற்பது பேரும் தத்தம் பாடத்தைத் தம் போக்கில் வாசித்தால் வெறும் முணுமுணுப்பே எழும். குரல்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஒத்திசைவு கலைந்தது, அவ்வளவே. சங்கிலி செய்வோரும் இதைத்தான் செய்தார்கள். எல்லாக் கண்ணிகளையும் ஒரே அளவாகச் செய்யாமல், நீளமான கண்ணியும் குட்டையான கண்ணியுமாக இரு அளவுகளில் செய்து, அவற்றை ஒழுங்கற்ற வரிசையில் கோத்தார்கள். மோதல்கள் சம இடைவெளியில் விழாததால் ஒலி ஒரே சுருதியில் குவியாமல் பல சுருதிகளில் பரவிவிடுகிறது. சிணுங்கல் போய் மெல்லிய இரைவாகிறது.

ஒழுங்கின்மையிலும் ஒரு கணக்கு வேண்டும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நீண்ட கண்ணிகள் ஓரிடத்தில் கூடிவிட்டால் அங்கே ஏற்றத்தாழ்வு மிகுந்து வேறொரு அதிர்வு பிறக்கும். ஆகவே வரிசையைக் கணக்கிட்டே அமைக்கிறார்கள். இரு கப்பிகளுக்கும் இடையே தந்திபோல் அதிரும் சங்கிலியை அடக்க, வழிகாட்டும் தண்டவாளம் போன்ற ஒரு தாங்கியையும் வைக்கிறார்கள்.

நேயர்களே, இங்கேதான் ஒரு நுட்பத்தை நாம் மறவாமல் கொள்ள வேண்டும். கண்ணிகளின் அளவை மாற்றியது இரைச்சலைக் குறைத்தது, தேய்மானத்தைக் குறைக்கவில்லை. மோதல் போய்விடவில்லை, அதன் குரல் பல கூறாகிவிட்டது. தேய்மானத்துக்குத் தனி மருந்து வேண்டும்.

அம்மருந்துகள் மூன்று. முதலாவது, மூட்டு. சைக்கிள் சங்கிலியில் முளை உறைக்குள் உராய்கிறது என்றேன். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு முளைகள் முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கின்றன. கண்ணி மடியும்போது ஒன்றன்மேல் ஒன்று தொட்டிலின் அடிக்கட்டைபோல் உருளுகிறது. உராய்ந்து நகர்வதைவிட உருண்டு நகர்வதில் தேய்வு மிகக் குறைவு. பாரமான பெட்டியைத் தரையில் இழுப்பதற்கும் உருளைக்கட்டைமேல் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடுதான் அது.

இரண்டாவது, அழுத்தம். கூம்புகள் சங்கிலியை எண்ணெய் அழுத்தத்தால் நெருக்கிப் பிடிக்கின்றன. பிடி தளர்ந்தால் முளைகள் வழுக்கும். வழுக்கிய இடத்தில் எஃகின்மேல் எஃகு கீறிப் பள்ளமாகும். பிடி மிகுந்தால் முளைமுனையும் கூம்பும் வீணாக நசுங்கும், எரிபொருளும் வீணாகும். எனவே எஞ்சினின் விசை எவ்வளவோ அவ்வளவுக்கும், அதற்குமேல் சிறிதளவுக்கும் பிடியை நொடிக்கு நொடி திருத்திக்கொள்ளும் அமைப்பு வேண்டும். பிள்ளை வளர்ப்பிலும் இதுவே விதி என்று ஓர் ஆசிரியன் சொன்னால் மன்னிப்பீர்கள்.

மூன்றாவது, எண்ணெய். மற்ற இடங்களில் எண்ணெய்க்கு ஒரே வேலை, உராய்வைப் போக்குவது. இங்கோ உராய்வு போனால் வண்டி நகராது. உராய்வு மிஞ்சினால் எஃகு தேயும். பிடிப்பையும் காத்து, தேய்வையும் தடுக்கும் தனி எண்ணெய் இதற்கென்றே உண்டு. நிறம் ஒன்றாயிருக்கிறது என்றோ, விலை மலிவு என்றோ வேறு எண்ணெயை ஊற்றுவது, கண்ணுக்கு இடும் மருந்துப் புட்டியில் காதுக்கு இடும் மருந்தை நிரப்புவது போன்றதாகும்.

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கே உருவாகும் மேக்னைட் என்னும் காரில், 2020ஆம் ஆண்டு அது வெளிவந்தபோதே சி.வி.டி. பொருத்தப்பட்டதும் கிடைத்தது. நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் வட்டாரத்திலேயே இந்தத் தொழில்நுட்பம் வந்து சேர்ந்துவிட்டது. ஆகவே, இது எங்கோ அயல்நாட்டுச் செய்தி என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

என் ஸ்கூட்டர் கீச்சிட்டது; நான் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பேச வாயாவது இருந்தது. இன்றைய சி.வி.டி. வண்டிகளின் இரைச்சலை அறிஞர்கள் பெருமளவு அடக்கிவிட்டார்கள். அது பெரும் நன்மை. செவிக்கும் மனத்துக்கும் அமைதி. ஆயினும், அமைதியான வண்டி நலமான வண்டி என்று எண்ணிவிடக் கூடாது. வாய்விட்டு அழாத குழந்தையைத் தாய் எப்படி அடிக்கடி தொட்டுப் பார்ப்பாளோ, அப்படியே ஓசையில்லாத இயந்திரத்தை நாம் நாள் பார்த்துக் கவனிக்க வேண்டும். தயாரித்தவர் குறித்த கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றுதல், குறித்த எண்ணெயையே ஊற்றுதல், ஸ்கூட்டராயின் குறித்த காலத்தில் பெல்ட்டைக் கழற்றிப் பார்த்து வெடிப்பு இருந்தால் மாற்றுதல், புதிதாக ஒரு சிணுங்கலோ நடுக்கமோ தோன்றினால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டுதல், இவ்வளவே நம் கடமை.

இப்போதும் நாங்கள் செங்கல்பட்டுக்குப் போகும்போது, வண்டியைக் கிளப்பியதும் என் துணைவியார், “கொஞ்சம் இருங்க” என்று சொல்லிக் காது கொடுத்துக் கேட்பார். பிறகுதான் புறப்படுவோம்.