கனத்த லென்ஸும் அதன் கால்களும்

ராஜஸ்தானத்துப் பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் பறவைகளைப் படம் பிடிப்போருள் சிலர், ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள 600 மில்லிமீட்டர் லென்ஸைக் கையிலேயே ஏந்தி நிற்பர். விரைவில் கை சோரும்; படம் கலங்கும்.

கூட்டிலிருக்கும் மஞ்சள் மூக்கு நாரை, குஞ்சுக்கு இரையூட்டும் கணத்துக்காகக் காத்திருப்போர்க்கு முக்காலியே ஏற்றது. நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகல விரித்து வையுங்கள். காமிராவை அன்று, லென்ஸின் கழுத்துப்பட்டையையே தாங்கியில் பொருத்துங்கள். இல்லையேல் பாரம் முன்சாய்ந்து, காமிராவின் இணைப்பு வளையம் பழுதுறும். பறக்கும் பறவையைத் தொடர, பாரத்தைச் சமன்செய்து ஊசல்போல் அசையவிடும் கிம்பல் தலை உதவும்.

நடந்து திரிவோர்க்கு ஒற்றைக்கால் தாங்கி போதும். அது மேல்கீழ் அசைவை அடக்கும். பக்க அசைவை உங்கள் இரு கால்களே அடக்க வேண்டும்.

ஆகவே, லென்ஸின் விலையைப் பார்த்தன்று, நிற்கப்போகும் இடத்தையும் நேரத்தையும் எண்ணியே தாங்கியைத் தேர்ந்தெடுங்கள்.