இருதயம் பிழைத்த பின்பு

(ஆஸ்பத்திரி உதவியாளர் கூடுகையில் சாப்ளின் ஆற்றிய உரை)



மாரடைப்போடு மதுரைக்கு வருகிறவர்களில் பலர் இன்று பிழைத்து வீடு திரும்புகிறார்கள். ஏழைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. 2021 ஆகஸ்டு முதல் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடியே வருகிறது. தேவனுக்கு ஸ்தோத்திரம். வீட்டுக்குப் போன பின்பு நடப்பதைப் பற்றித்தான் பேச வந்தோம்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகளை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு போனவர் மறுபரிசோதனைக்கு வந்து, "வலி ஒன்றுமில்லை ஐயா" என்பார். கூட வந்த மனைவிதான் மீதியைச் சொல்லுவார். கண்ணை மூடினால் எழுந்திருக்க மாட்டோமென்று இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். மடை திறக்கக்கூட வயலுக்குப் போவதில்லை. பேரப்பிள்ளையைத் தூக்குவதில்லை. இனி மாத்திரை எதற்கென்று தள்ளிவிடுகிறார். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை இப்படித் தானாக நிறுத்தினால், ஸ்டென்ட் வைத்த குழாய் மறுபடியும் அடைபட்டுப்போகலாம்.

மாரடைப்பு கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு உண்டாகிறது. கனடாவின் மான்ட்ரியாலில் 222 நோயாளிகளைக் கவனித்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில், சோர்வுற்றவர்கள் ஆறு மாதத்துக்குள் மரித்தது மற்றவர்களைவிட மும்மடங்குக்கும் அதிகம். ஆலோசனையும் மருந்தும் சோர்வைக் குறைக்கும். ஆயுளையும் கூட்டும் என்று நாங்கள் வாக்களிக்க மாட்டோம். 2003-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் அது தெரியவரவில்லை. ஆனாலும் ஒரு மனுஷன் தூங்குவதும் பசித்துச் சாப்பிடுவதும் சிறிய காரியமா?

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். கட்டிலருகே நின்று "விசுவாசமிருந்தால் பயமேன்?" என்று கேளாதிருங்கள். அதைக் கேட்டவர் பிறகு யாரிடத்திலும் வாய் திறப்பதில்லை. எலியா சூரைச்செடியின் கீழே சாவை விரும்பினபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் படுத்துக்கொள்ள விட்டான்.

உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு மனநல ஆலோசகரின் சம்பளத்துக்கும், நோயாளியோடு துணைக்கு வருகிறவரின் பஸ் கட்டணத்துக்கும் செலவாகிறது. இதற்கா பணம் என்று சிலர் கேட்டார்கள். ஈசிஜி மிஷின் என்றால் உபயதாரர் பெயர் எழுதலாம். பஸ் டிக்கெட்டில் எங்கே எழுதுவது! ஆனால் அந்த மனைவி வராதிருந்தால், "வலி ஒன்றுமில்லை" என்பதோடு எங்கள் விசாரிப்பும் முடிந்திருக்கும்.

உங்கள் ஊரில் அப்படித் திரும்பினவர் இருந்தால், பார்க்க வந்த கூட்டமெல்லாம் ஓய்ந்த மூன்றாம் வாரத்தில் போங்கள். தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். சாக நினைப்பதாகச் சொன்னால் தனியே விடாதேயுங்கள். அரசின் டெலிமனாஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், இரவும் பகலும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.