ஆறு மெகாபைட்டுக்குள் ஒரு கதையுலகம்

வேற்றுமொழி வழங்கும் ஊர்களில் குடியிருக்கும் நம் வீடுகளிலும் பிள்ளைகள் வீடியோ விளையாட்டில் ஆழ்ந்திருப்பதைக் காண்கிறோம். அதில் வரும் பேச்சை முதலில் எம்மொழியில் எழுதினர், இம்மொழிக்குக் கொணர்ந்தவர் யார்? மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இக்கேள்வி எழாமல் இராது.

1996 ஜூலையில் ஜப்பானில் 'ஸ்டார் ஓஷன்' என்னும் விளையாட்டு வெளியாயிற்று. இயற்றியது ட்ரை-ஏஸ் குழு. வெளியிட்டது எனிக்ஸ் நிறுவனம். மனிதரைக் கல்லாக்கும் நோய்க்கு மருந்து தேடிக் காலத்தில் பின்னோக்கிச் செல்லும் கதை. ஆடுபவர் அக்கதையின் பாத்திரமாகித் துணைவருடன் ஊர் ஊராகச் சென்று போரிட வேண்டும்.

இது இயங்கியது நிண்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் என்னும் 16-பிட் கருவியில். அக்கருவி வந்தது 1990-இல். அதன் வாரிசான நிண்டெண்டோ 64, இவ்விளையாட்டுக்கு ஒரு மாதம் முன்பே கடைக்கு வந்துவிட்டது. ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த கருவியின் தோளில்தான் இத்துணைப் பாரத்தையும் ஏற்றினர்!

விளையாட்டு முழுவதும் அடங்க வேண்டிய இடம் 48 மெகாபிட், அதாவது ஆறு மெகாபைட். வரைந்த படங்கள் அதற்குள் கொள்ளவில்லை. ரயில் பயணத்தில் படுக்கையைச் சுருட்டி ஹோல்டாலில் கட்டுவோமல்லவா? அதுபோலப் படங்களைச் சுருக்கி வைத்து, வேண்டிய கணத்தில் விரித்துத் தர எஸ்-டிடி1 என்னும் தனிச் சில்லையே விளையாட்டுப் பேழைக்குள் பொருத்தினர். போர்க்களத்தில் பாத்திரங்கள் வாய்விட்டுக் குரல் கொடுக்கவும் செய்தனர். கருவியின் ஒலி நினைவகமோ 64 கிலோபைட்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கும் அது போதாது.

இத்தனை உழைப்பும் அன்று ஜப்பானிய மொழியைத் தாண்டவில்லை. பிற நாடுகளில் அது விற்கப்படவேயில்லை. பின்னாளில் ஆர்வலர் சிலர் ஊதியமின்றி ஆங்கிலமாக்கினர். கணினியில் ஆட முயன்றபோது, இடத்தை மிச்சப்படுத்திய அதே சில்லு குறுக்கே நின்றது. அதன் சுருக்கும் முறை வெளியாருக்கு விளங்காததால், விரித்த படங்களைத் தனித் தொகுப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின்னரே அம்முடிச்சு அவிழ்ந்தது.

நம் மனம் தங்குவது வேறோர் இடத்தில். ஜப்பானியர் இரண்டு எழுத்தில் எழுதும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் எட்டோ பத்தோ எழுத்து வேண்டியிருக்கும். திரையின் கட்டமோ வளராது. அலுவலகப் படிவத்தின் சிறு கட்டத்தில் தமிழ்ச் சொல்லை அடைக்க நாம் படும் பாட்டை நினைத்துக்கொண்டோம். எதை வெட்டுவது, எதை விடுவது? நமக்கேனும் மாதச் சம்பளம் உண்டு.

உரிமையாளரே ஆங்கிலத்தில் வெளியிட்டது 2008-இல். அதுவும் வேறு கருவிக்கெனப் புதிதாய்ச் செய்த மறு ஆக்கம். 1996-ஆம் ஆண்டுப் படைப்பை ஆங்கிலத்தில் ஆட விரும்பியோர்க்கு அந்த ஊதியமற்றோரின் மொழிபெயர்ப்பே துணையாயிற்று.