இருவர் கையில் மூன்று குரல்கள்



1740ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரில் விசித்திரமான ஒரு நூல் வெளியாயிற்று. லெ பிளாங் என்ற பிரெஞ்சுக்காரர், வயோலா ட காம்பா என்னும் வாத்தியத்துக்காக வாதாடி எழுதியது. வயலினை அதில் ஒரு சுல்தானாக்கிக் கேலி செய்கிறார், செலோவையும் விட்டுவைக்கவில்லை. வாதம் சுவையானது. ஆனால் வழக்குத் தோற்றது.

காம்பாவைக் கால்களுக்கிடையே தாங்கி, உள்ளங்கை மேல்நோக்க வில்லைப் பிடித்து வாசிப்பார்கள். ஆறு அல்லது ஏழு தந்திகள். வீணையைப் போல மெட்டுகளும் உண்டு. ஆனால் அவை கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்புகள். நாதம் மெல்லியது. பெரிய மண்டபங்களில் அது எடுபடவில்லை.

ஏறக்குறைய அக்காலத்தில்தான் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பாக், காம்பாவுக்கும் ஹாப்சிகோட்டுக்குமான சொனாட்டா ஒன்றைத் தம் கைப்படப் பிரதி செய்தார். அத்தகைய மூன்று சொனாட்டாக்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவருடைய படைப்புப் பட்டியலில் 1027 முதல் 1029 வரையான இலக்கங்கள் அவற்றுக்குரியவை.

அந்நாளைய சொனாட்டாக்களில் ஹாப்சிகோட் பெரும்பாலும் பக்கவாத்தியமே. கீழ்ச்சுருதி வரியும் சில இலக்கங்களும் மட்டும் எழுதப்பட்டிருக்கும். மிகுதியை வாசிப்பவர் தாமே இட்டு நிரப்பவேண்டும். பாக் இங்கே வலக்கைக்குரியதை முழுமையாக எழுதிவிட்டார். இடக்கை அடித்தளம், வலக்கையும் காம்பாவும் சரிசமமான இரு குரல்கள். முதலாவது சொனாட்டா இரண்டு புல்லாங்குழல்களுக்கான வடிவிலும் இருப்பது இதைத் தெளிவாக்கும். ஒரு குழல் காம்பாவாயிற்று, மற்றையது ஹாப்சிகோட் வாசிப்பவரின் வலக்கையாயிற்று. அதன் மூன்றாம் பகுதியில் பாடக்கூடிய இசைவரி என்று ஒன்றுமே இல்லை. சிதறிய சுரங்களை இருவரும் மாறிமாறி ஏந்துகிறார்கள், அவ்வளவுதான். பாக்கின் மிகத் தனிமையான பக்கங்களுள் ஒன்றென்று அதைச் சொல்வேன்.

இவற்றைச் செலோவிலும் பியானோவிலும் வாசிப்பது பின்னர் வழக்கமாயிற்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹாப்சிகோட்டில் இறகு முனை தந்தியை மீட்டுகிறது. விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஓசை பெரிதாகாது. பியானோவோ முழங்கும். அதை மீறிக் கேட்பதற்காகச் செலோவும் குரலை உயர்த்தும். அந்தச் சமத்துவம் போய்விடுகிறது. லெனார்ட் றோசுடன் கிளென் கூல்ட் 1970களில் செய்த ஒலிப்பதிவு மட்டும் விலக்கு. கூல்டின் விரல்கள் பியானோவையே அடக்கிவிடுகின்றன.

காம்பாவின் கடைசிப் பெருங்கலைஞர் கார்ல் பிரீட்ரிக் ஏபல் 1787இல் லண்டனில் காலமானார். அவருடைய தந்தையார் கேத்தன் அரசவையில் பாக்குடன் பணியாற்றிய காம்பாக் கலைஞர். மகனுக்குப் பின் அந்த வாத்தியம் ஒரு நூற்றாண்டளவு ஏறத்தாழ மௌனமாயிருந்தது.

இன்று நல்ல காம்பா ஒலிப்பதிவுகள் பல உண்டு. கிடைத்தால் முதலாவது சொனாட்டாவை எடுத்து, முதல் தடவை காம்பாவை விட்டுவிட்டு அந்த வலக்கையை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.