ஓருடலில் இரு நோய்

(சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நீரிழிவும் முடக்குவாதமும் ஒருவரையே ஒருங்கு பற்றிக்கொண்டால் அவர் வாழ்வு எவ்வாறு நடைபெறும்? அவரைச் சூழ்ந்த இல்லத்தார் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களையும் பற்றியே இன்று பேச விழைகின்றோம். நாம் வைத்தியர் அல்லேம். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் மாணவரே. இன்ன மருந்தை உண்க, இன்னதை விடுக என்று கூறும் தகுதி எமக்கில்லை. ஆயினும், இவ்விரு நோயும் உடைய எமது பெரியம்மாவோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து கண்டவற்றையும், நூல்களிற் கற்றவற்றையும் உங்கள் முன் வைப்பது தவறாகாது என்று எண்ணுகின்றோம்.

முதலில் நீரிழிவை நோக்குவோம். நம் ஊரார் இதனைச் சீனி வருத்தம் என்பர். பெயர் இனிது, நோய் இனிதன்று. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் நடைபெற்ற பேராய்வொன்று, 20 வயதிற்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு இந்நோய் உண்டெனக் கண்டது. போர்ச் சூழல் காரணமாக வடக்கு, கிழக்கு மாகாணங்கள் அக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. எனினும் நம் வீதியில் எத்தனை வீடுகளிற் சீனியில்லாத தேநீர் ஊற்றப்படுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பவருக்கு வேறு கணக்கு வேண்டியதில்லை.

நாம் உண்ணும் சோறும் பாணும் இடியப்பமும் சமிபாடடைந்து குளுக்கோசாகிக் குருதியிற் கலக்கின்றன. அக்குளுக்கோசு தசைகளினுள்ளே புகுவதற்குச் சதையி எனப்படும் கணையத்திற் சுரக்கும் இன்சுலின் துணைசெய்ய வேண்டும். இன்சுலின் சுரவாவிடினும், சுரந்தும் அதன் சொல்லை உடல் கேளாவிடினும், சீனி குருதியிலேயே தங்கிவிடும். கனடாவின் ரொறன்ரோ நகரிற் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் 1921ஆம் ஆண்டில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922ஆம் ஆண்டு தை மாதத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதல் ஊசியால் ஏற்றப்பட்டது. அதுவரை இளம் பருவத்தில் நீரிழிவு கண்ட பிள்ளையின் தாய்க்கு எந்த வைத்தியராலும் நம்பிக்கை கூற இயன்றதில்லை. இக்கண்டுபிடிப்பிற்கு 1923ஆம் ஆண்டில் நொபெல் பரிசு கிடைத்தது.

இனி, முடக்குவாதம். வாதம் என்றவுடன் பலருக்குப் பாரிசவாதம் நினைவுக்கு வரும்; வேறு சிலருக்கு முதுமையில் முழங்கால் தேய்வது நினைவுக்கு வரும். இஃது இரண்டுமன்று. நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறி, நம் மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென்று கருதித் தாக்குவதே முடக்குவாதம். கைவிரல்களின் சிறு மூட்டுகளும் மணிக்கட்டுகளும் பெரும்பாலும் இருபுறமும் ஒருங்கே வீங்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்திற்கு மேலாக விரல்கள் விறைத்திருக்கும். ஆண்களிலும் பெண்களையே இது கூடுதலாகப் பற்றுகின்றது, முதுமைக்குக் காத்திருப்பதுமில்லை.

இந்நோய்க்கும் ஓர் அதிசய மருந்து பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவிலுள்ள மேயோ கிளினிக்கில் ஹெஞ்ச் என்னும் வைத்தியர், படுக்கையிற் புரளவும் இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு 1948ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் கோட்டிசோன் என்னும் மருந்தை ஏற்றினார். சில நாட்களுள் அப்பெண் எழுந்து நடந்தார். 1950ஆம் ஆண்டில் இம்மருந்திற்கும் நொபெல் பரிசு கிடைத்தது. இன்று நம் வைத்தியசாலைகளிற் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் என்னும் சிறு குளிசை இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இவற்றை ஸ்டெரோயிட் மருந்துகள் என்பர்.

அன்பர்களே, இவ்விடத்தே தான் நமது கதையின் முடிச்சு இருக்கின்றது. 1923ஆம் ஆண்டிற் பரிசு பெற்ற மருந்து எதனை இறக்குகின்றதோ, அதனை 1950ஆம் ஆண்டிற் பரிசு பெற்ற மருந்து ஏற்றுகின்றது! ஸ்டெரோயிட் ஈரலைத் தூண்டிக் கூடுதலாகச் சீனியை உண்டாக்கச் செய்யும்; தசைகள் இன்சுலினின் சொல்லைக் கேளாதவாறும் செய்யும். ஒரு நோய்க்கு அமுதமாவது மற்றைய நோய்க்கு எரியும் தீயில் ஊற்றிய நெய்யாகின்றது.

இதில் இன்னுமொரு நுட்பம் உண்டு. காலையில் உண்ணும் பிரெட்னிசொலோன், பிற்பகலிலும் மாலையிலுமே சீனியைக் கூடுதலாக ஏற்றும். மறுநாள் விடியுமுன் அதன் வேகம் தணிந்துவிடும். நாமோ வெறுவயிற்றில் விடியற்காலையில் இரத்தம் கொடுத்து, அளவு நன்றாயிருக்கின்றதென்று மகிழ்ந்து வீடு திரும்புகின்றோம். மாலையில் வீட்டிலே அளந்தாலோ அளவு மலைபோல் உயர்ந்து நிற்கும். அப்போது இல்லத்தாருக்கு எழும் ஐயம் யாதாயிருக்கும்?

எமது வீட்டில் நிகழ்ந்ததையே கூறுகின்றோம். பெரியம்மாவுக்கு 15 ஆண்டுகளாகச் சீனி வருத்தம். பின்னர் முடக்குவாதமும் வந்து சேர்ந்தது. இரண்டிற்கும் வேறு வேறு கிளினிக். வேறு வேறு நாள். வேறு வேறு கொப்பி. மூட்டு நோவிற்குக் குளிசை தொடங்கிய சில நாட்களில் மாலைச் சீனி ஏறத் தொடங்கியது. வீட்டிலே பேச்சு எழுந்தது. அவருடைய மருமகள், அன்பினாலேதான், ஒருநாள் கேட்டார்:

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோ. ஆருக்கும் தெரியாமல் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் சாப்பிடேல்லைப் பிள்ளை. தந்த குளிசையைத்தான் சாப்பிட்டனான்."

அவ்விடையிலே நோயின் காரணம் முழுவதும் அடங்கியிருந்தது. ஆயினும் கேட்டவர் எவருக்கும் அது விளங்கவில்லை. சீனிப் போத்தல் அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. பெரியம்மா ஒரு சொல்லும் கூறாது, அன்று தொடக்கம் இரவுச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். அடுத்த முறை கிளினிக்கிற்குச் சென்றபோது தற்செயலாக இரண்டு கொப்பிகளும் ஒரே பையிற் சென்றன. நீரிழிவு வைத்தியர் மற்றைய கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "இந்தக் குளிசை எப்போது தொடங்கினது, அம்மா?" என்று கேட்டார். அவ்வொரு கேள்வியோடு வழக்குத் தீர்ந்தது. இன்சுலின் அளவு திருத்தப்பட்டது. அலுமாரி திறக்கப்பட்டது. ஆனால் அவ்வளவு நாட்களும் களவு செய்யாத ஒருவர் கள்வர் போல நடத்தப்பட்டாரே, அந்நோவிற்குக் குளிசை எங்கே உண்டு?

ஆகவே நாம் இன்று கூற வந்த தலையாய கருத்து இதுவே: இரு நோயுடையவரின் சீனி ஏறுமாயின், அவரது நாவைக் குற்றஞ் சாட்டுமுன் அவரது குளிசைகளைப் பாருங்கள். நோவும் வீக்கமும் காய்ச்சலுங்கூடச் சீனியை உயர்த்த வல்லன. நடந்தாற் சீனி இறங்கும் என்பது உண்மையே; நடக்கும் கால் வீங்கியிருந்தால் அவர் எவ்வாறு நடப்பார்? அதற்காக ஸ்டெரோயிட்டைத் தாமாகவே திடீரென நிறுத்திவிடுதல் பேராபத்தாகும். வைத்தியர் அதனைப் படிப்படியாகக் குறைப்பர். குறைக்கும்போது சீனியும் இறங்குமாதலால் இன்சுலின் அளவையும் அவரைக் கேட்டுத் திருத்தல் வேண்டும். இன்றேல் சீனி மிகத் தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகும்.

நிற்க. ஸ்டெரோயிட் ஒன்றே முடக்குவாதத்திற்கு மருந்தன்று. மெதோட்ரெக்ஸேற் என்னும் மருந்து இன்று முதன்மையாகக் கொடுக்கப்படுகின்றது. இது கிழமைக்கு ஒருமுறை மாத்திரம் உண்ணும் குளிசை. நீரிழிவுக் குளிசையை நாள்தோறும் உண்டு பழகிய கை இதனையும் நாள்தோறும் எடுத்துவிட்டால் உயிருக்கே கேடாகும். எனவே அதற்குரிய கிழமையைக் கலண்டரிற் குறித்து, அக்குளிசையை வேறு பெட்டியில் வைத்தல் நன்று. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் என்னும் வேறொரு மருந்து சீனியைச் சற்று இறக்கும் இயல்புடையது. ஆனால் நெடுங்காலம் உண்பவர் கண்ணைப் பரிசோதித்துவர வேண்டும். நீரிழிவும் கண்ணைத் தாக்குவதாதலால் அப்பரிசோதனை இரட்டிப்பு அவசியமாகின்றது. சிறுநீரகமும் அவ்வாறே. மூட்டு நோவுக்கென்று மருந்துக்கடையிற் கேட்டு வாங்கும் நோக் குளிசைகள் பல, நீரிழிவினால் ஏற்கனவே தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். மூட்டுநோய்க்கென விற்கப்படும் பெயர் தெரியாத சூரணங்களிலும் எச்சரிக்கை வேண்டும். பிற நாடுகளில் அத்தகைய சிலவற்றில் ஸ்டெரோயிட் மறைவாகக் கலந்திருந்தமை சோதனைகளில் வெளிப்பட்டிருக்கின்றது.

இனி, கைகளைப் பற்றி ஒரு சொல். நெடுங்கால நீரிழிவு விரல்களின் தோலையும் நாண்களையும் தடிக்கச் செய்யும். அப்போது இரு உள்ளங்கைகளையும் ஒட்டக் குவிக்க இயலாது. நடுவே இடைவெளி தோன்றும். மேல்நாட்டு வைத்தியர் இதனைப் பிரார்த்தனைக் குறி என்றே அழைக்கின்றனர். முடக்குவாதமும் சேர்ந்துவிட்டால் விரல்கள் கோணிக் கை முற்றாகக் குவியாது. சந்நிதியிலே ஒரு முதியவர் அரைகுறையாகக் கைகூப்பி நிற்கக் கண்டால் பக்தி குறைந்ததென்று எண்ணாதீர்கள். குவியாத கையையும் ஏற்கும் கருணை ஆண்டவனிடம் உண்டு. நம்மிடமும் இருத்தல் வேண்டும்.

இத்தகைய கைகளால் இன்சுலின் போத்தலைப் பிடித்து, மருந்தை அளந்து இழுத்து, ஊசியை ஏற்றுவது எத்துணை கடினம்! விரலிற் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பதும், மெல்லிய தாளைக் கருவியிற் செருகுவதும் காலை விறைப்பின்போது மலையேறுவது போலாகும். வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் 5 நிமிடம் ஒதுக்கினால் இவ்வேலை முடிந்துவிடும். கால்களுக்கும் அவ்வாறே. நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியை மழுங்கச் செய்யும். முடக்குவாதம் கால்விரல்களைக் கோணச் செய்யும். கோணிய விரலிற் செருப்பு உரைஞ்சிப் புண்ணானாலும் நோத் தெரியாது. குனிந்து தம் பாதத்தைப் பார்க்க மூட்டு இடங்கொடாது. ஆகலின் பார்ப்பது பிள்ளைகளின் கடமை. திருவிழாக் காலத்தில் நண்பகல் வெயிலில், கொதிக்கும் மணலில் வெறுங்காலோடு இவர்கள் வீதிவலம் வருதல் ஆகாது. காலைப் பூசைக்கு அழைத்துச் செல்லலாம். கந்தசட்டி முதலிய விரதங்களை மேற்கொள்ள விரும்புவோரும் வைத்தியரைக் கேட்டு மருந்தின் அளவை முன்னரே திருத்திக்கொள்ளல் வேண்டும்.

உணவிலும் ஒரு மயக்கம் உண்டு. குரக்கன் பிட்டாயின் எவ்வளவும் உண்ணலாம் என்பார் உளர். குரக்கனும் மாப்பொருளே, அளவே முக்கியம். அரிசிச் சோற்றைக் குறைத்துக் கீரையும் மரக்கறியும் மீனோ பருப்போ கூட்டி உண்பது இரு நோய்க்கும் ஏற்றது. எனினும் ஒருவருக்கு மாத்திரம் வேறு சட்டி வைத்துச் சமைப்பதிலும், வீட்டார் அனைவரும் அவ்வுணவையே உண்பது மேலானது.

இறுதியாக ஒன்று. நாம் பயின்ற மிஷன் கல்லூரியில் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரைப் பற்றிக் கேட்டிருக்கின்றோம். 1847ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த அப்பெரியார், மானிப்பாயிலே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியில் வைத்தியம் பேச வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். இன்று பெரியம்மாவின் இரண்டு கொப்பிகளிலும் எழுதப்பட்டிருப்பது ஆங்கிலம். தம் உடலைப் பற்றிய எழுத்தைத் தாமே படிக்க அவரால் இயலவில்லை.

சங்கத்துத் தோழர்களே, இங்கேதான் நமக்கு வேலை இருக்கின்றது. 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். முதற் பக்கத்தில் எல்லாக் குளிசைகளின் பெயரையும், எந்த நோய்க்கு, எந்நேரத்தில், நாள்தோறுமா கிழமைக்கு ஒருமுறையா என்பதையும் தமிழில் எழுதுங்கள். வைத்தியர் பார்ப்பதற்காக அருகே ஆங்கிலப் பெயரையும் எழுதுங்கள். அடுத்த பக்கங்களிற் சீனியின் அளவை நேரத்துடன் குறியுங்கள். மூட்டு வீங்கிய நாளையும், மருந்து மாற்றிய நாளையும் அதிலேயே குறியுங்கள். எந்தக் கிளினிக்கிற்குச் சென்றாலும் அக்கொப்பியும் உடன் செல்லட்டும். பெரியம்மாவின் கொப்பி இப்போது 3ஆவது கொப்பி. அவரது கை எழுத இடங்கொடாத நாளில் மருமகள் எழுதுகின்றார். இயன்ற நாளில் அவரே கோணல் எழுத்தில் எழுதுகின்றார்.

இவ்விரு நோய்களும் முற்றாக நீங்குவன அல்ல. ஆயினும் காலத்தோடு கண்டு ஒழுங்காகப் பேணினால், இவற்றோடு நெடுங்காலம் நல்வாழ்வு வாழலாம். நோய் இரண்டாயினும் அவற்றைத் தாங்குபவர் ஒருவரே. அவ்வொருவரை நம்புவது நம் இல்லங்களிலிருந்து தொடங்கட்டும்.