உள்ளங்கையில் அட்சரகணிதம்

கலைப் பட்டதாரியாகிய நான் கணிதத்தைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுட் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஒரு பாடசாலையின் அதிபருக்கு எல்லாப் பாடங்களின் வாயிலிலும் சற்று நின்று கேட்கும் வாய்ப்புண்டு. அவ்வாறு ஒருநாள் கணித வகுப்பொன்றின் வாயிலில் நின்றேன். எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் யாது என ஆசிரியர் வினவினார். "எக்ஸ்" என வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையிறுத்தது. "எக்ஸ் ஒரு மறை எண்ணாயின்?" என்றார் ஆசிரியர். வகுப்பு மௌனமாயிற்று. மறை மூன்றின் வர்க்கம் ஒன்பது. ஒன்பதின் வர்க்கமூலமோ மூன்று. புறப்பட்ட எண்ணுக்கு நாம் மீண்டும் வந்து சேரவில்லை.

இத்தவறை மாணவன் செய்தால் ஒரு புள்ளி குறையும். கணிகருவிக்குச் செய்நிரல் எழுதுபவர் செய்தால், அக்கருவியை நம்பிய அனைவரையும் அது பிழையான வழியிற் செலுத்தும்.

சாதாரண கணிகருவி எண்களை மட்டுமே அறியும். இரண்டின் வர்க்கமூலத்தை 1.4142 எனச் சுருக்கிக்கொண்டு, அதனை அதனாலேயே பெருக்கினால், 1.99996164 கிடைக்கும், இரண்டு கிடைக்காது. 1987 ஆம் ஆண்டில் ஹியூலெற் பக்கார்ட் நிறுவனம் வெளியிட்ட எச்.பி. 28 சி என்னும் கருவியே, கையடக்கமான கணிகருவிகளுள் முதன்முதலாக அட்சரகணிதக் கோவைகளை எழுத்துருவிலேயே கையாண்டது. அதன்பின் வர்க்கமூலம் வர்க்கமூலமாகவே நின்றது. மூன்றில் ஒன்று பின்னமாகவே நின்றது.

1993 இல் அதே நிறுவனத்தின் எச்.பி. 48 ஜி.எக்ஸ். வெளிவந்தது. வரைபுகளை வரையவல்ல அக்கருவியில், பயன்படுத்துவோர் தாமே செய்நிரல்களை எழுதிச் சேர்க்கவும் முடிந்தது. ஆனால் அதற்கென அமைந்த நினைவகம் 128 கிலோபைற்று மாத்திரமே. அச்சிற்றிடத்துள் உயர்கணிதத்தைப் புகுத்த முயன்றோருள் ஒருவர், பிரான்சின் கிறெனோபிள் நகரைச் சேர்ந்த கணித அறிஞர் பேர்னார் பாரிஸ். அவர் எழுதி இலவசமாக வழங்கிய மென்பொருளின் பெயர் எராபிள்.

அம்முயற்சியின் இடர்ப்பாட்டை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். எக்ஸின் நூறாம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து, வருவதை எக்ஸ் சய ஒன்றால் வகுப்பதாகக் கொள்ளுங்கள். வகுக்குமுன் அக்கோவை ஒரு வரியில் அடங்கும். வகுத்தபின் நூறு உறுப்புக்கள் வரிசையாக வந்து நிற்கும். இவ்விரண்டனுள் எளியது எது? பின்னம் நீங்கியதே எளிமை என்பார் ஒருவர். குறுகியதே எளிமை என்பார் மற்றொருவர். கருவிக்கோ இரண்டும் ஒன்றே. எப்பொழுது வகுப்பது, எப்பொழுது விட்டுவைப்பது என்பதைச் செய்நிரல் எழுதுபவரே முன்கூட்டித் தீர்மானித்தல் வேண்டும். இடம் தாராளமாயிருப்பின் இக்கேள்வியைச் சிறிது காலம் தள்ளிப்போடலாம். 128 கிலோபைற்றுக்குள் அதற்கு வழியில்லை.

1999 இல் எச்.பி. 49 ஜி. வெளியானபோது, எராபிளை அடிப்படையாகக் கொண்ட அட்சரகணிதத் தொகுதி அக்கருவியினுள்ளேயே அமைக்கப்பட்டிருந்தது. பாரிஸ் பின்னர் உருவாக்கிய ஜியாக் என்னும் மென்பொருள், 2013 இல் வெளிவந்த எச்.பி. பிறைம் கருவியில் இடம்பெற்றது. தாம் விரும்பி எழுதி ஊருக்கு ஈந்த ஒன்று, உற்பத்தியாளரின் கருவிக்கே உயிராயிற்று.

இத்தகைய கருவிகள் மாணவரின் சிந்தனையை மழுங்கச் செய்யும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. விசையை அழுத்தி விடை பெறுபவனுக்கு, அவ்விடை எந்நிபந்தனைக்கு உட்பட்டது என்பது தெரியாமற் போகலாம். ஆனால், ஒரு சிறு விதியையேனும் தானே செய்நிரலாக எழுதிப் பார்ப்பவன் அந்நிபந்தனையை எதிர்கொள்ளாமல் தப்ப முடியாது. எக்ஸ் நேர் எண்ணா, மறை எண்ணா என அவன் கேட்டே ஆகவேண்டும். ஆகவே, கருவியை மாணவர் கையிற் கொடுக்கலாமா என்று மட்டும் கேட்பதைவிட, அதற்குக் கற்பிக்கும் பொறுப்பையும் அவர்களிடம் கொடுக்கலாமா என்று ஆசிரியர்கள் சிந்திப்பது நலம். அன்று மௌனமான அந்த வகுப்புக்கு வேண்டியிருந்ததும் அதுவே என்பது என் துணிபு.