நர்சிங் படிப்பு: சான்றிதழ் மட்டும் போதுமா?

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப் பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, வசூல், வங்கிக் கடன் பற்றி எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது நான் பேசப் போவது நம் பெண் பிள்ளைகளின் நர்சிங் படிப்பைப் பற்றி. "இது படிச்சவங்க பேச வேண்டிய விஷயமாச்சே, நமக்கு என்ன?" என்று நினைக்காதீங்க. காசு கட்டுறது நாம். பிரசவத்துக்குப் போய்ப் படுக்கிறதும் நாம். அதனால் இது நம்ம விஷயம்தான்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் குழு ஒன்றில் ஒரு அக்கா தன் மகளின் நர்சிங் படிப்புக்காக 40 ஆயிரம் ரூபாய் உள்கடன் கேட்டாங்க. பொண்ணு பிளஸ் டூ பாஸ். பக்கத்து டவுனில் 'ஒரு வருட நர்சிங் பயிற்சி, 100 சதவீத வேலை' என்று போர்டு வைத்திருந்த இடத்தில் சேர்த்தாங்க. வெள்ளை கோட்டு போட்ட போட்டோவைக் குழுக் கூட்டத்தில் எல்லோரிடமும் காட்டினாங்க. நாமும் கை தட்டினோம். வருடம் முடிந்தது, சான்றிதழும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன இடத்தில், "கவுன்சில் பதிவு எண் எங்கே?" என்று கேட்டிருக்காங்க. பொண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தப் படிப்பை வைத்து பதிவு செய்யவும் முடியாது.

அந்த அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏம்மா, கடன் தீர்மானம் எழுதுறப்ப நீயும்தானே உக்காந்திருந்த? நான் படிக்காதவ. நீ படிச்ச பொண்ணு. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்னிடம் பதில் இல்லை. கறவை மாட்டுக்குக் கடன் கேட்டால், எத்தனை லிட்டர் கறக்கும், எத்தனையாவது ஈத்து என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம். மகளின் படிப்புக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளை இனிமேலாவது நாம் கேட்க வேண்டும் என்றுதான் இன்று பேசுகிறேன்.

படித்தது வேறு, செய்யத் தெரிந்தது வேறு

நம் குழுக்களில் தையல் பயிற்சி முடித்தவர்கள் எத்தனை பேர்? பாதிப் பேர் கை தூக்குறீங்க. சரி, அளவு எடுத்து, துணி வெட்டி, ஒரு ஜாக்கெட் முழுசா தைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? பாருங்க, நிறைய கை இறங்கிவிட்டது! சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கிறது. அது பயிற்சிக்கு வந்தீர்கள் என்று சொல்கிறது. தைக்கத் தெரியும் என்று சொல்லவில்லை.

ஜாக்கெட் தப்பாகப் போனால் ஒரு மீட்டர் துணி வீண். நர்ஸ் வேலை தப்பாகப் போனால் ஒரு உயிர் போகும். அதனால்தான் நர்சிங் படிப்பில், "இத்தனை வருடம் படித்தாளா?" என்று மட்டும் பார்த்தால் போதாது, "இந்த இந்த வேலையைத் தன் கையால், பாதுகாப்பாகச் செய்யத் தெரிந்தவளா?" என்று பார்க்க வேண்டும் என்று சொல்கிறார்கள். இதற்குப் பெயர் திறன் அடிப்படையிலான கல்வி. நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி திறன்களை வரையறுத்து, அவற்றைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் இதில் முக்கியம்.

இந்த அளவுகோலை யார் வைத்தது?

நம் மாநிலத்தில் நர்சுகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1926-லேயே வந்தது. அதன் கீழ் இயங்குவதுதான் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில். நாடு முழுவதும் ஒரே தரம் வேண்டும் என்பதற்காக 1947-ல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. பாடத்திட்டம், பயிற்சி, ஆசிரியர் தகுதி எல்லாவற்றுக்கும் இந்தக் கவுன்சில் விதிகள் வகுத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மருத்துவச்சி ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கல்வித் தரத்தை ஒழுங்குபடுத்துவது, கல்வி நிறுவனங்களை மதிப்பிடுவது, நர்சுகளின் பெயர்களைத் தேசியப் பதிவேட்டில் கொண்டுவருவது ஆகியவை அந்தச் சட்டத்தில் சொல்லப்பட்டுள்ளன.

பாடத்திட்டத்திலும் மாற்றம் வந்தது. டிப்ளமா நர்சிங்குக்கு, அதாவது ஜி.என்.எம். படிப்புக்கு, 2015-ல் பாடத்திட்டத்தைத் திருத்தினார்கள். மூன்றரை வருடமாக இருந்தது மூன்று வருடமானது. அதற்குள்ளேயே ஆறு மாதம் மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி. அடுத்து, பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தை 2021-ல் திறன் அடிப்படையில் புதிதாக்கினார்கள். நான்கு வருடப் படிப்பு எட்டு செமஸ்டர் ஆனது.

அந்தப் பாடத்திட்டத்தில் பத்து முக்கியத் திறன்கள் சொல்லப்பட்டுள்ளன. நம் பேச்சில் சொல்கிறேன்: நோயாளியை நடுவில் வைத்துக் கவனிப்பது, தொழில் ஒழுக்கம், சொல்லிக்கொடுப்பதும் தலைமை ஏற்பதும், சுகாதார அமைப்பு எப்படி நடக்கிறது என்று புரிந்து வேலை செய்வது, கணினித் தகவல்களைக் கையாள்வது, சரியாகப் பேசித் தெரிவிப்பது, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது, பாதுகாப்பு, தரத்தை உயர்த்திக்கொண்டே போவது, ஆதாரம் உள்ள முறைகளைப் பின்பற்றுவது.

பேசுவதும் ஒரு திறன் என்று எழுதியிருக்கிறது, கவனிச்சீங்களா? பிரசவ வார்டில் வலியில் கத்தும் பெண்ணிடம் நர்ஸ் எப்படிப் பேச வேண்டும் என்பதும் பாடம்தான். "கத்தாதே" என்று திட்டு வாங்கிவிட்டு, "அப்படித்தான் பேசுவாங்க" என்று நாம் சும்மா வந்துவிடுகிறோம். அது அவங்க குணம் என்று விட்டுவிடாதீங்க. மரியாதையாகப் பேசுவது அவங்க கற்றுக்கொண்டு வந்திருக்க வேண்டிய வேலை.

பாடத்துக்குள் எப்படிக் கொண்டுவருகிறார்கள்?

பத்துத் திறன்களை முதல் பக்கத்தில் அச்சடித்துவிட்டால் பிள்ளைக்கு வந்துவிடாது. அதனால் ஒவ்வொரு பாடத்திலும், பாடம் முடியும்போது மாணவி எதையெல்லாம் செய்து காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

முதலில் ஸ்கில் லேப் என்ற பயிற்சிக் கூடம். அங்கே பொம்மை உடம்பு இருக்கும். ஊசி போடுவது, பிரசவம் பார்ப்பது, நின்ற இதயத்தை நெஞ்சை அழுத்தி இயக்க முயல்வது எல்லாவற்றையும் முதலில் பொம்மையில் செய்து பழக வேண்டும். தப்பு செய்வதென்றால் பொம்மையில் செய்யட்டும், நம் உடம்பில் வேண்டாம். அதன் பிறகு ஆசிரியர் பக்கத்தில் இருக்க, வார்டில் நோயாளிகளிடம் செய்ய வேண்டும். எதை எத்தனை முறை செய்தாள் என்று லாக் புக்கில் பதிவாக வேண்டும்.

தேர்விலும் மாற்றம் உண்டு. 'ஆஸ்கி' என்று ஒரு முறை. வரிசையாக மேசைகள் இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலை, அதற்குக் குறிப்பிட்ட நிமிடம். ஒன்றில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அடுத்ததில் தாய்க்குப் பால் கொடுக்கும் முறையைச் சொல்லித்தர வேண்டும். தேர்வாளர் கையில் ஒரு பட்டியல். கை கழுவினாளா, தாயின் பெயரைக் கேட்டாளா, செய்யப்போவதை விளக்கினாளா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார். மனப்பாடம் செய்து எழுதித் தப்பிக்க முடியாது.

இது ஏன் முக்கியம் என்று ஒரு உதாரணத்தில் சொல்கிறேன். பிரசவத்தில் குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி 10 யூனிட் போட வேண்டும். வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். பிறகு நஞ்சுக்கொடியை முறையாக வெளியே எடுத்து, கர்ப்பப்பை இறுகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிக ரத்தப்போக்கைத் தடுப்பதற்குத்தான் இவ்வளவும். அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலே ஆபத்து. இன்னொரு பக்கம், பிறந்த குழந்தை துடைத்துவிட்ட பிறகும் மூச்சு விடவில்லை என்றால், அதே முதல் நிமிடத்துக்குள் முகமூடி வைத்து காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் இருக்காது. கைக்குப் பழகியிருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு நர்ஸ்தான். நம் மருமகள் அங்கே படுத்திருக்கும்போது, அந்த நர்ஸ் எந்தக் கல்லூரியில் எப்படிப் பழகினாங்க என்பதுதான் உயிர்.

தாளில் இருப்பதும் தரையில் நடப்பதும்

திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அரசாணை வந்த அன்றைக்கே எல்லாம் நடந்துவிடாது என்பது நமக்குத் தெரியாததா? ஒரு வார்டில் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் கூடி நின்றால், ஒருத்தி செய்வாள், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பார்த்ததையே செய்ததாக எழுதினால் லாக் புக் நிரம்பிவிடும், கை நிரம்பாது. நம் குழுவிலேயே கூட்டம் போடாமல் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கினால் என்ன ஆகும்? தணிக்கைக்கு நோட்டு சரியாக இருக்கும், குழு கெட்டுப்போகும். அதே கதைதான் இதுவும்.

போதுமான நோயாளிகள் இல்லாத இடம், ஆசிரியர் குறைவான இடம், ஸ்கில் லேப் பூட்டியே கிடக்கும் இடம் இருக்கத்தான் செய்யும். வெளியிலிருந்து இதை யாராவது கேட்டால்தான் சரியாகும். காசு கட்டும் தாயைவிட அதைக் கேட்க உரிமை உள்ளவர் யார்?

கடன் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

இனி எந்தக் குழுவில் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு வந்தாலும், இந்த ஏழு கேள்விகளையும் கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

1. படிப்பின் முழுப் பெயர் என்ன? பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், ஏ.என்.எம். இரண்டு வருடம். 'ஒரு வருட நர்சிங்', 'ஆறு மாத நர்சிங்' என்றால் அதைப் படித்து பதிவு பெற்ற நர்ஸ் ஆக முடியாது. உதவியாளர் வேலைதான் கிடைக்கும். அந்த வேலையும் கௌரவமானதே. ஆனால் தெரிந்து சேர வேண்டும்.

2. படித்து முடித்தால் தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா? பதிவு இல்லாமல் அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. நிறுவனத்தின் அங்கீகாரம் பற்றி கவுன்சிலிடமே விசாரியுங்கள். புரோக்கர் சொல்வதை நம்பாதீர்கள். பி.எஸ்சி. என்றால் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றும் கேளுங்கள்.

3. பயிற்சி எந்த மருத்துவமனையில்? பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும் என்பது பொதுவான விதி. கல்லூரிக் கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டு வராமல், வார்டையும் பாருங்கள்.

4. ஸ்கில் லேப் இருக்கிறதா? "திறந்து காட்டுங்க" என்று கேளுங்கள். பொம்மை மேல் பாலிதீன் கவர் பிரிக்காமல் இருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

5. படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசினீர்களா? "நீ எத்தனை பிரசவம் கையால் பார்த்திருக்கே?" என்று ஒரு மூத்த மாணவியிடம் கேட்டால் போதும்.

6. மொத்தச் செலவு எவ்வளவு? முதல் வருடக் கட்டணம் மட்டும் அல்ல. விடுதி, சீருடை, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுதி வாங்குங்கள். அசல் சான்றிதழை வைத்துக்கொண்டு திருப்பித் தராத இடங்களும் உண்டு, அதையும் கேளுங்கள்.

7. வங்கியில் கல்விக் கடன் கேட்டீர்களா? அங்கீகாரம் உள்ள படிப்பு என்றால் வங்கியைத்தான் முதலில் அணுக வேண்டும். அங்கீகாரம் இல்லை என்று வங்கி திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்துக்காகவே குழுவும் யோசிக்க வேண்டும்.

சகோதரிகளே, அந்த அக்காவின் கடன் இன்னும் 22 ஆயிரம் பாக்கி இருக்கிறது. மாதம் தவறாமல் கட்டுறாங்க. அவங்க மகள் இந்த வருடம் ஜி.என்.எம். படிப்புக்கு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கு. 17 முதல் 35 வயது வரை சேரலாம் என்பதால் வழி அடைபடவில்லை. இந்த முறை அம்மாவும் மகளும் மூன்று இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்காங்க. ஒரு இடத்தில் ஸ்கில் லேப் சாவி யாரிடம் இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லையாம். "அங்க வேணாம்மா" என்று சொன்னது அந்தப் பொண்ணுதான்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த ஏழு கேள்விகளையும் படித்துக் காட்டி, நோட்டில் எழுதிவையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் பிள்ளையைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு அவளையே படிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு நர்ஸ் ஆகப் போவது அவளாகவும் இருக்கலாம்.